காப்பி, சோறு, சிகரெட், கைப்பேசி: எதை விடலாம், எதை விட வேண்டியதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை, சிங்கப்பூரில் ஒரு மருந்தகக் கவுண்ட்டரில் வேலை பார்க்கிறவள். மருந்து வாங்க வருகிறவர்கள் பணம் கட்டும் நேரத்தில் சும்மா கேட்பதுபோல் கேட்கிற கேள்விகள், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி வந்து விழுகிற கேள்விகள் என்று சேர்ந்துபோனதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாருமே "இது நல்லதா, கெட்டதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படிக் கேட்டால் சிகரெட்டைத் தவிர வேறு எதற்கும் நேரான பதில் கிடைக்காது. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதோடு ஒட்டிக்கொண்டு வேறு என்ன உள்ளே போகிறது, அதை விட்டால் அந்த இடத்துக்கு எது வரும் என்று கேட்டால்தான் கணக்கு பிடிபடும்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு காப்பி ஆகிவிடுகிறது. குறைக்க வேண்டுமா?

காப்பிக்காகக் குறைக்க வேண்டியதில்லை. அதில் விழுகிற பாலைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். காப்பிக்கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்க்காமல் அங்கிளின் கையை ஒருமுறை பாருங்கள். கிளாஸின் அடியில் கண்டென்ஸ்ட் மில்க் கெட்டியாக ஒரு வெள்ளை அடுக்கு இறங்கும், அதற்கு மேல்தான் கறுப்புக் காப்பி. அந்தப் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் அளவுக்கு விழுந்தால் 20 கிராம் சர்க்கரை ஆயிற்று. அப்படி மூன்று கிளாஸ் என்றால் 60 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நீங்கள் இன்னும் கேக்கைத் தொடவில்லை, பழச்சாறு குடிக்கவில்லை, அதற்குள் அன்றைய கோட்டா தீர்ந்துவிட்டது.

காப்பி தன்னளவில் அவ்வளவு மோசமில்லை. 1993க்கும் 1998க்கும் இடையில் 63,000 பேரைச் சேர்த்துக்கொண்டு இங்கே தொடங்கிய சிங்கப்பூர் சீனர் சுகாதார ஆய்வில், நிறையக் காப்பி குடித்தவர்களுக்கு நீரிழிவு குறைவாகவே வந்தது, கல்லீரல் சுருங்கி இறந்தவர்களும் அவர்களில் குறைவு. இது ஆட்களைப் பல வருடம் கவனித்துச் சொன்னதுதான், காப்பி கொடுத்து நிரூபித்தது இல்லை, அதனால் மருந்து மாதிரி நினைத்துக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். ஆனால் ஆசையாகக் குடிக்கிறவரை பயமுறுத்தவும் அதில் ஒன்றுமில்லை. நம் காப்பிக்கடைக் காப்பி துணிப்பையில் வடிகட்டப்படுவதால், கெட்ட கொழுப்பை ஏற்றுகிற எண்ணெய்ப்பொருள் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடுகிறது. வடிகட்டாமல் கொதிக்கவைத்துக் குடிக்கிற காப்பியில் அது அதிகம்.

ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை காஃபீன் பரவாயில்லை, கர்ப்பிணிகளுக்கு 200. இங்கே பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டைதான் போடுகிறார்கள், அதில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். அதனால் கிளாஸ் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் பாதி உடம்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக் காப்பியைக் குடித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான்.

என்ன குடிக்கலாம் என்றால் கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காப்பி. அது கசக்கிறது என்றால் கோப்பி சி கோசோங், அதில் இனிப்பில்லாத எவாப்பரேட்டட் பால்தான். அதற்கும் மனசு வராதவர்கள் சியூ டாய், அதாவது இனிப்பு கம்மி, என்று சொல்லி ஆரம்பிக்கலாம், நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். பக்கத்து அடுக்குமாடி புளோக் நண்பர்களோடு உட்கார்ந்து பேசுகிற அரை மணி நேரத்தையும் நன்மைக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். காப்பியை விட்டால் அந்தப் பேச்சும் போய்விடும் என்றால் விடாதீர்கள், பாலை மட்டும் மாற்றுங்கள்.

சாப்பிட்ட உடனே தே (டீ) குடிக்கக் கூடாது என்கிறார்களே?

இரும்புச்சத்து குறைவாக உள்ளவர்களுக்கு அது சரி. தேயிலையில் உள்ள டானின், சாப்பாட்டிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும், அதுவும் கீரை பருப்பிலிருந்து வருகிற இரும்பை நன்றாகவே தடுக்கும். மாதவிடாய் அதிகம் உள்ள பெண்கள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், இரும்பு மாத்திரை எடுக்கிறவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம். இன்னொன்று, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பழக்கம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானத்தை உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரக் காரணமாகலாம் என்ற பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016ல் சேர்த்தது. ஆற்றிக் குடியுங்கள், தே தாரிக் என்கிற பால் டீயை அதற்குத்தானே அவ்வளவு உயரத்திலிருந்து இழுக்கிறார்கள்.

டின் பானத்தில் 'பி' போட்டிருக்கிறது. அப்படியென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா?

இல்லை. இங்கே பானங்களுக்கு ஏ முதல் டி வரை போடும் தரக்குறிதான் நியூட்ரி-கிரேட், அந்த எழுத்து 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு என்பதை வைத்துப் போடுவது. பி என்றால் 100 மில்லியில் 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். அரை லிட்டர் பாட்டிலை முழுதாகக் குடித்தால் 25 கிராம் போய்விடும். டி என்றால் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல், அதை விளம்பரப்படுத்தவே இங்கே தடை. அடைத்து விற்கும் பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலும், கடையில் கலந்து தருவதற்கு 2023 டிசம்பர் இறுதியிலும் இந்த முறை வந்தது. இரண்டு பானங்களில் எதை எடுப்பது என்று பார்க்க நல்ல வழி. எவ்வளவு குடிப்பது என்பதை அது சொல்லாது.

வெள்ளைச் சோறு சர்க்கரை பானத்தைவிட மோசம் என்று படித்தேன். நாம் சோறு இல்லாமல் எப்படி?

2016ல் இங்கே பெரிய பேச்சாக இருந்தது அது. சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்த வருடமும் அதுதான். தினமும் கூடுதலாகச் சாப்பிடுகிற ஒவ்வொரு தட்டு வெள்ளைச் சோறும் நீரிழிவு அபாயத்தை 11% கூட்டுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் வந்த கணக்கைத்தான் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

நம்மவர்கள் இதைக் கொஞ்சம் உற்றுத்தான் கேட்க வேண்டும். 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2% பேருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7%. உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது அதிகம். அதனால்தான் இங்கே உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் என்கிறார்கள், மேற்கத்திய நாடுகளில் அந்தக் கோடு 25.

அதற்காகச் சோற்றையே ஒதுக்கச் சொல்லமாட்டேன், ஒதுக்கினவர்கள் பலர் அந்த இடத்தில் இரண்டு பராட்டா சாப்பிடுவதை நானே பார்க்கிறேன். அது மாவும் நெய்யும், சோற்றைவிட நல்லது என்று யார் சொன்னார்கள்? லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிடும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சோறு முதலில் மலைபோல வரும், கூட்டும் பொரியலும் ஓரத்தில் இரண்டு கரண்டி, சோறு தீர்வதற்குள் மறுசோறு கேட்டு வந்து நிற்பார்கள். இதைத் திருப்பிப் போட்டால் போதும். காய்கறியையும் மீனையும் பருப்பையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், அதே அளவு சாப்பிட்டாலும் ரத்தச் சர்க்கரை அவ்வளவு உயரத்துக்குத் துள்ளாது. தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு பழுப்பரிசி மாதிரி முழுத்தானியம், கால் பங்கு புரதம் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிற அளவு. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் புளோக்கைச் சுற்றி நடப்பது இன்னும் உதவும். பழுப்பரிசிக்கு மாறுவது நல்லதுதான், ஆனால் பழுப்பரிசி என்று சொல்லிக்கொண்டு இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் பலன் இல்லை.

வீட்டில் நாங்கள் உப்பு கம்மியாகத்தான் போடுகிறோம்...

எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் 2022ஆம் ஆண்டுத் தேசிய ஊட்டச்சத்து ஆய்வுப்படி இங்கே ஒருவர் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறார். இருக்க வேண்டியது 2,000, அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக்கொதிப்பு இருக்கிற ஊர் இது.

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதி எழுதிவையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் வீதம் போனால் அது 50 நாள் வரும். ஆனால் நீங்கள் பாதிச் சாப்பாட்டை உணவங்காடி நிலையத்தில் முடிக்கிறீர்கள், அங்கேயும் உப்பு உண்டு, ஆக 100 நாளாவது வர வேண்டும். பாக்கெட் ஒன்றரை மாதத்தில் தீர்ந்தால் கணக்கு புரிந்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாஸ், சூப் கட்டி எல்லாம் தனி. வெளியே சாப்பிடும்போது குழம்பைச் சோறு முழுக்க ஊற்றச் சொல்லாமல் தனிக் கிண்ணத்தில் கேட்பதும், நூடல்ஸ் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடிக்காமல் விடுவதும் பெரிய வித்தியாசம் செய்யும்.

சோடியம் குறைத்த உப்பு இப்போது எல்லாப் பேரங்காடியிலும் கிடைக்கிறது, நல்ல மாற்று. ஒரே ஒரு எச்சரிக்கை: அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தக்கொதிப்புக்கு லோசார்ட்டான், எனாலாப்ரில் மாதிரி மாத்திரை எடுக்கிறவர்கள் கேட்காமல் மாற வேண்டாம். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் கவுண்ட்டரிலேயே சொல்லிவிடுவோம்.

ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான், சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த ஒரு சிகரெட் என்ன செய்துவிடப் போகிறது?

இருபது சிகரெட்டில் ஒன்று என்றால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இதயத்தின் விஷயத்தில் அப்படி இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2018ல் வெளியான கணக்குப்படி, நாளுக்கு 20 பிடிக்கிறவருக்குக் கூடுகிற மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்று மட்டும் பிடிக்கிறவருக்கே வந்துவிடுகிறது. குறைப்பது நல்ல தொடக்கம், ஆனால் ஒன்றில் நின்றுவிட்டால் பெரிதாகத் தப்பித்ததாக ஆகாது.

விடுவதில் உள்ள லாபமும் பெரிது. 1951ல் தொடங்கி பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஐம்பது வருடம் தொடர்ந்த ஆய்வில், புகைக்கிறவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஒன்பது வருடம் திரும்பக் கிடைத்தது, 60ல் விட்டவர்களுக்குக்கூட மூன்று வருடம். "இவ்வளவு காலம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன" என்று சொல்கிற அண்ணன்களுக்காக இதை எழுதுகிறேன்.

விட்டால் எடை கூடும் என்பது உண்மைதான், முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ. அந்த நாலைந்து கிலோவையும் சிகரெட்டையும் எதிரெதிரே வைத்தால் எந்த மருத்துவரும் கிலோவைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வார். மின்சிகரெட்டுக்கு மாறலாமா என்று கேட்காதீர்கள், 2018 முதல் இங்கே அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம், எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து கலந்த குப்பிகளை 2025 செப்டம்பரிலிருந்து போதைப்பொருள் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். நிக்கோட்டின் பேட்ச், கம் எல்லாம் முறையாகக் கிடைக்கின்றன.

வெற்றிலை பாக்கு? அதில் புகையிலை இல்லையே.

பாக்குதான் பிரச்சினை. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2003லேயே முடிவாகிவிட்டது. கல்யாணத்தில் ஒரு தாம்பூலம் போட்டவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கன்னத்தில் அடக்கிக்கொள்கிற பாட்டிக்கு வாயைத் திறக்க முடியாமல் இறுகிக்கொண்டு வந்தாலோ, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தாலோ பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஜீரணத்துக்குத்தான் என்றால் வெறும் சோம்பு போதும்.

ராத்திரி ஒரு கிளாஸ் வைன் இதயத்துக்கு நல்லதாமே?

அந்தப் பழைய ஆய்வுகளில் ஒரு ஓட்டை இருந்தது. குடிக்காதவர்கள் என்று எழுதிய பட்டியலில், உடம்பு கெட்டுப்போனதால் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் சீக்கிரம் இறந்ததை வைத்துக்கொண்டு, கொஞ்சம் குடிப்பவன் நீண்டநாள் வாழ்கிறான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். மது புற்றுநோய்க் காரணி என்று 1988லேயே பட்டியலில் ஏறிவிட்டது, பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயும் 2007ல் அந்தக் கணக்கில் சேர்ந்தது. குடிக்க ஆசையா, அளவாகக் குடியுங்கள், அது உங்கள் விருப்பம். இதயத்துக்காகக் குடிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கழிப்பறையில் கைப்பேசி பார்த்தால் மூலம் வரும், 46% அபாயம் என்று வந்த செய்தி உண்மையா?

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், நாளைக்கு வேறு ஒரு விழுக்காடு வரும்போதும் உதவும். 2025ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு அது, குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரிடம் செய்தது. கைப்பேசியோடு போகிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46% கூடுதலாக இருந்தது. 100 பேரில் 46 பேருக்கு வரும் என்பது இதற்குப் பொருள் இல்லை. ஒரு நோய் 100 பேரில் 5 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அபாயம் 20% கூடினால் 6 பேருக்கு வரும், அவ்வளவுதான். செய்தியில் விழுக்காட்டைப் பார்த்தால் முதலில் 'எத்தனையில்?' என்று கேளுங்கள். அடுத்து, மூலம் இருப்பதால் அதிக நேரம் உட்கார வேண்டியிருந்து, பொழுதுபோகக் கைப்பேசி எடுத்துப் போனவர்களும் அந்த 125 பேரில் இருந்திருக்கலாமே?

இருந்தாலும் அறிவுரை சரிதான். அங்கே நீண்ட நேரம் உட்கார்ந்தால் அந்த இடத்து ரத்தக்குழாய்களுக்கு அழுத்தம் கூடும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போவதில் உங்களுக்கு நஷ்டம் ஏதும் இல்லை. இப்படிச் செலவே இல்லாத மாற்றத்துக்கு ஆதாரம் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் செய்துவிடலாம். பெரிய விலை கொடுக்க வேண்டிய மாற்றத்துக்கு ஆதாரமும் கெட்டியாக இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, ஆய்விலிருந்து அல்ல. வயதான பெண்களை வைத்து 2019ல் வெளியான ஓர் ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களே 2,700 அடி நடந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள், 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. தற்போது 3,000 நடக்கிறவர் 5,000 ஆக்கினால் கிடைக்கிற லாபம், 9,000 நடக்கிறவர் 11,000 ஆக்குவதில் கிடைக்காது. ஒரு எம்ஆர்டி ரயில் நிலையம் முன்னதாக இறங்கி நடங்கள், நண்பகல் வெயிலில் மட்டும் வேண்டாம்.

விரல் சொடுக்குவது, காது குடைவது, மத்தியானத் தூக்கம்?

சொடுக்கினால் மூட்டுவாதம் வராது. டானல்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது வருடமாக இடது கையை மட்டும் சொடுக்கிப் பார்த்து இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை என்று எழுதினார், 2009ல் அதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கினார். காது குடைவதை நிறுத்துங்கள், பஞ்சுக்குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும். மத்தியானத் தூக்கம் இருபது முப்பது நிமிடம் என்றால் நல்லது, இரண்டு மணி நேரம் என்றால் ராத்திரித் தூக்கத்திலிருந்து கழித்துக்கொள்ளப்படும்.

அப்பாவுக்கு 78 வயது, நீரிழிவு. காலைத் தே தாரிக்கையும் பராட்டாவையும் விடமாட்டேன் என்று சண்டை. எப்படி நிறுத்துவது?

நிறுத்தத்தான் வேண்டுமா என்று முதலில் யோசிப்போம். 45 வயதுக்காரர் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது இருபது முப்பது வருடம் கழித்துக் கண்ணும் சிறுநீரகமும் கெடாமல் இருக்க. 78 வயதில் அந்த லாபக் கணக்கு சுருங்கிவிடுகிறது, ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுகிற ஆபத்தோ கூடிவிடுகிறது. அதனால்தான் உடம்பு தளர்ந்த முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 8% வரை இருந்தாலும் பரவாயில்லை என்று மருத்துவர்களே இலக்கைத் தளர்த்துகிறார்கள்.

கவுண்ட்டரில் எனக்கு அதிகம் பயம் தருவது இனிப்பு சாப்பிடுகிற அப்பாக்கள் இல்லை. பிள்ளைகள் பயந்துபோய்ச் சோற்றையும் டீயையும் பாதியாக்கிவிட்டு, கிளிப்பிசைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரைகளையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். காலை பத்து மணிக்குச் சர்க்கரை இறங்கி அப்பா வியர்த்து, கை நடுங்கி, கழிப்பறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் அதற்குப் பிறகு எழுந்து நடப்பதே கஷ்டம்.

தே தாரிக்கை சியூ டாயாக்கச் சொல்லுங்கள், பராட்டாவை ஒன்றாகக் குறைத்துப் பருப்போடு ஒரு முட்டையும் சேர்க்கட்டும், கடைக்கு நடந்து போய் நண்பர்களைப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். சாப்பாட்டு அளவில் எந்த மாற்றம் செய்வதானாலும் அதற்கு முன் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் ஒரு வார அளவுகளை எழுதிக் கையோடு எடுத்துப் போங்கள்.